கெசியாவின் கல்லாப்பெட்டி

“ஹலோ... ஹலோ... ஹோமர்தானே?... நான் அல்மீரா பேசறேன், பர்ச் ஹில்லிலேருந்து... ஆமா, ஷேக்கர் சிஸ்டர்தான்... ஒன்பது நாளும் நாலு மணி நேரமும் ஆச்சு, ஹோமர்... எதுக்கா? எங்க கடைக் கல்லாப்பெட்டியை நீங்க வண்டியில ஏத்திட்டுப் போயி... அது திரும்ப வேணும்.”

தொலைபேசி ஷேக்கர் சபை அலுவலகத்தின் சுவரில் இருந்தது. திருமணமும் சொந்தச் சொத்தும் துறந்து, எல்லாரும் ஒரே குடும்பமாக வாழும் அமெரிக்கக் கிறிஸ்தவச் சபை அது. அறுபது வயது அல்மீரா நின்றபடியே பேசினாள். உட்கார அங்கே நாற்காலி இல்லை. இருந்த மூன்றையும் போன வசந்தத்தில் ஹோமர்தான் வாங்கிப் போயிருந்தான். பழைய சாமான்களை வாங்கி விற்பது அவன் தொழில்.

“...இல்ல, நாற்காலி எதுவும் விக்கலை. விக்க மிச்சம் இருந்தாத்தானே... மேசையும் இல்ல. கொஞ்சம் என்னைப் பேச விடுங்க... யாரு அது மூச்சு விடறது? விண்ணி, நீங்களா?... போனை வைங்க, விண்ணி. உங்க அடுப்புல பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசனை மலை ஏறி இங்க வரைக்கும் வருது.”

ஒரே கம்பியில் ஆறு வீடுகள். யாருக்கு மணி அடித்தாலும் கீழ்ப் பண்ணை விண்ணி எடுத்துக் கேட்பாள். ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. வைத்த சத்தமா, வைத்ததுபோல் காட்டிய சத்தமா என்று தெரியவில்லை.

“...ஹோமர், இருக்கீங்களா?... சொல்றேன், சொல்றேன். நீங்க கொடுத்ததை அப்படியே திருப்பித் தர்றேன்... வித்தாச்சா?... யாருக்கு?... பாஸ்டன் லேடிக்கா... தையல் சாமான் போட்டு வைக்கவா! சரி, அவங்க விருப்பம். எடுத்துட்டுப் போயிட்டாங்களா?... திங்கக்கிழமைதான் வர்றாங்களா? அப்போ இன்னும் உங்க கொட்டகையிலதான் இருக்கு. அப்பாடா.”

அல்மீரா நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். சுவர் சில்லென்று இருந்தது.

“...எங்க வெச்சிருக்கீங்க?... காரத் தண்ணித் தொட்டி பக்கத்துலயா? எதுக்கு?... சாயத்தை உரிக்கவா?... ஹோமர், அதைத் தொடாதீங்க... இல்ல, முதல்ல இதைச் சொல்லுங்க, தொட்டியில போட்டாச்சா இல்லையா?... ஆமாவா, இல்லையா?... இன்னும் இல்ல. சரி. நல்லது... நூறு வருஷமா இருக்கிற மஞ்சள் சாயம் அது. உங்களுக்கு ஏன் கை அரிக்குது?... வெறும் மரமாத் தெரிஞ்சாத்தான் பாஸ்டன்ல பிடிக்குமா? அப்போ காட்டுக்குப் போயி மரத்தையே வாங்கிக்கச் சொல்லுங்க.”

“...கோபம் இல்ல... கோபம் இல்லைங்கறேன்... சிஸ்டர் கெசியா போயிட்டாங்க, ஹோமர்.”

“...நேத்து. விடியக்காலை அஞ்சரைக்கு... ஆமா... ஆமா... எண்பத்தி நாலு... நாளைக்குப் பதினோரு மணிக்கு அடக்கம். மண்ணு உறையறதுக்குள்ள ஆகணும்... ஞாபகம் இருக்குமே, கடையில இருந்தாங்களே... அவங்களேதான். கல்லா மேல முழங்கையை ஊணாதேன்னு உங்களை விரட்டினவங்க... பெப்பர்மின்ட்டா? உங்களுக்கா? காசு வாங்காமலா?... எப்பவும் ரெண்டு கொடுப்பாங்களா! அது எனக்குத் தெரியாதே... இல்ல, எனக்கு அப்படியெல்லாம்... எனக்குக் கொடுத்ததில்ல.”

பக்கத்து அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. மூத்த சிஸ்டர் பெர்சிஸ் அங்கே உட்கார்ந்து கெசியாவுக்கான வெள்ளைத் தோள்துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். சபையின் பொறுப்பு இப்போது அவளுடையது. ஏழு பேர் இருந்த குடும்பத்தில் நேற்றிலிருந்து ஆறு பேர். ஊசி துணிக்குள் போய் வரும் சத்தம்கூடக் கேட்கும் அளவுக்கு வீடு அமைதியாக இருந்தது. அல்மீரா குரலைத் தாழ்த்தினாள்.

“...மெதுவாத்தான் பேசணும். பக்கத்துல ஆள் இருக்காங்க... சொல்றேன் கேளுங்க. பெட்டியை வித்தது நான்தான். மாடிக் கூரை ஒழுகுது, குளிர் காலம் முடியற வரைக்கும் கடையும் மூடியாச்சு, பெட்டி சும்மாதானே கிடக்குன்னு வித்தேன்... இல்ல, அவங்களைக் கேக்கலை. யாரையும் கேக்கலை. எங்ககிட்ட அந்த வழக்கமே கிடையாது, ஹோமர். எல்லாமே எல்லாருக்கும் பொதுன்னா, யார்கிட்ட போயி கேக்கறது?... அம்பது வருஷத்துக்கு மேல அந்தப் பெட்டிக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தாங்க. ஆனா அவங்களோடதுன்னு நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கலை. அவங்களும் சொல்லலை. சொல்ல மாட்டாங்க.”

“...நீங்க எடுத்துட்டுப் போன அன்னிக்குச் சாயந்திரமே கேட்டாங்க. ‘கல்லா எங்க, அல்மீரா?’ அவ்வளவுதான். குரல்கூட உசரலை... நான்... பூட்டு கெட்டுப்போச்சு, சரி பண்ணக் கொடுத்திருக்குன்னு சொன்னேன்... ஆமா, பொய். எனக்குத் தெரியும் அது பொய்னு. நீங்க எடுத்துக் கொடுக்க வேண்டாம்.”

“...மறுநாளும் கேட்டாங்க. ‘பூட்டு ஆச்சா?’ அதுக்கு மறுநாளும். தினம் ஒரு தடவை. ரெண்டாவது தடவை கேக்கறது பேராசைன்னு நினைச்சாங்களோ என்னவோ... ஒன்பதாம் தேதி ஊன்றுகோலை எடுத்துக்கிட்டுத் தானே கடைக்குப் போயிட்டாங்க. சாவி வாங்கிக்கிட்டு. நடக்க முடியாதவங்க, ஹோமர், படியிறங்கி, முற்றம் தாண்டிப் போயிருக்காங்க. நான் போய்ப் பார்த்தப்போ கல்லா இருந்த இடத்தைக் கையால தடவிக்கிட்டு நிக்கறாங்க. அந்த இடம் மட்டும் தூசி இல்லாம சதுரமா இருந்துச்சு... ஒண்ணும் சொல்லலை. ‘சரி’ன்னாங்க. வந்து படுத்தாங்க. அப்புறம் எழுந்திருக்கலை.”

கம்பியில் காற்று இரைந்தது.

“...இருக்கேன், இருக்கேன்... கடைசியா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. ராத்திரி பூரா நான்தான் பக்கத்துல இருந்தேன். ‘துணிக்கு அடியில பாரு’ன்னாங்க. எந்தத் துணின்னு கேட்டேன். ‘பூட்டு வந்ததும்’ அப்படின்னாங்க... ஆமா. கடைசி வரைக்கும் நான் சொன்ன பொய்யை நம்பி... இல்ல. நம்பலைன்னுதான் நினைக்கிறேன். எனக்காக நம்பற மாதிரி இருந்தாங்க.”

“...அதனால, பெட்டிகூட வேண்டாம். பாஸ்டன் லேடியே வெச்சுக்கட்டும். அடியில பச்சைக் கம்பளித் துணி இருக்கில்ல, அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. இப்பவே. எது இருந்தாலும் நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள இங்க வரணும்... எனக்கும் தெரியாது என்னன்னு... ஆமா, காத்திருக்கேன். வைக்க மாட்டேன். போயிட்டு வாங்க.”

கதவு வழியே ஊசிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே கல்லறை மேட்டில் இரண்டு ஆட்கள் கடப்பாரையால் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே தனித்தனிக் கல் கிடையாது. எல்லாருக்குமாக ஒரே கல், அதில் ஒரே ஒரு சொல்: ஷேக்கர்கள்.

“...விண்ணி? நீங்க வைக்கலைன்னு தெரியும்... கடிகாரச் சத்தம் கேக்குதே. எங்க அலுவலகத்துல கடிகாரம் இல்ல, அதுவும் ஹோமர்கிட்ட போயிடுச்சு. அப்போ அது உங்க வீட்டுதுதான்... பரவாயில்ல... நன்றி... ஆமா, நோவு தெரியாமத்தான் போனாங்க... ஆப்பிள் பை சுட்டிருக்கீங்களா? கொண்டு வாங்க, பெர்சிஸுக்குப் பிடிக்கும்... எனக்குப் பசிக்கலை... அழறீங்களா? நீங்க எதுக்கு அழறீங்க, விண்ணி?... உங்க கல்யாணத்துக்கு நீல மேலங்கி வித்தாங்களா? கழுத்து முடிச்சை அவங்களே கட்டி விட்டாங்களா... நல்லாக் கட்டுவாங்க. ஆமா.”

“...ஹோமர்? வந்துட்டீங்களா?... மூச்சு வாங்குது உங்களுக்கு. உடம்பைக் குறைங்க... சரி, திறங்க. சாவி பூட்டுலயே இருக்கும்... மேல இருக்கிற தட்டை எடுங்க, சில்லறைக் குழி ஆறு இருக்குமே, அந்தத் தட்டுதான். நேரா மேல தூக்குங்க... இப்போ துணி தெரியுதா?... அழுத்திப் பாருங்க... மெத்துனு இருக்கா? எப்பவும் அப்படித்தான் இருக்கும். காசு விழுந்தா சத்தம் வரக் கூடாதுன்னு அடியில ஏதோ திணிச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்... துணியை எடுத்தா மதிப்புக் குறையுமா? எவ்வளவு குறையும்?... அதுக்கு ஈடா ஒரு ஆடற நாற்காலி தர்றேன். என் அறையில இருக்கிறது, என்... இல்ல. அதை நான் தர முடியாது. எங்ககிட்ட ‘என்’னு ஒண்ணும் கிடையாது. வாய் தவறிடுச்சு.”

“...அப்படியா? நாலு பக்கத்துல மூணு பக்கம்தான் பசையா?... ஒரு பக்கம் தையலா... நல்லாப் பாருங்க... நிறைய ஓட்டையா? ஒரே இடத்துல பிரிச்சுப் பிரிச்சுத் தைச்ச மாதிரி?... எத்தனை தடவை இருக்கும்?... எண்ண முடியலையா.”

அல்மீரா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

“...ஹோமர், வருஷா வருஷம் நவம்பர் ஒன்பதாம் தேதி சிஸ்டர் கெசியா கடையைப் பூட்டிக்குவாங்க. உள்பக்கமா. அரை மணி நேரம். நாங்க எல்லாம் சிரிப்போம். ‘கெசியா சில்லறைக்குப் பாடம் நடத்தறா’ன்னு ஒருத்தி சொல்லுவா. நானும் சிரிச்சிருக்கேன்... ஆமா. இந்த வருஷமும் ஒன்பதாம் தேதிதான் கடைக்குப் போனாங்க... இல்ல, நூலை மட்டும் வெட்டுங்க. துணியைக் கிழிக்காதீங்க. மெதுவா.”

“...என்ன?... சத்தமாச் சொல்லுங்க... நாடாவா?... என்ன கலர்?... நீலம், நடுவுல வெள்ளைக் கோடு. நாற்காலிக்குப் பின்றதுக்கு நாங்க நெய்யற நாடா அது... மிச்சத் துண்டுன்னு நினைக்கிறீங்களா? மிச்சத்தை யாரும் ஒளிச்சு வைக்க மாட்டாங்க... தட்டையா மடிச்சு அடுக்கியிருக்கா... எத்தனை?... பதினாலு.”

“...ஒவ்வொண்ணுலயும் எழுதியிருக்கா? மசியிலயா?... படிங்க... நவம்பர் ஒன்பது, ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தியெட்டு... அடுத்தது... நவம்பர் ஒன்பது, தொண்ணூத்தியொன்பது... ஆமா... அடுத்தது... ஆமா... ஆமா... எல்லாமே நவம்பர் ஒன்பதுதான். தெரியும். படிக்க வேண்டாம்... கடைசி மட்டும் சொல்லுங்க... ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு.”

“...அளவுகோல் இருக்கா?... இருக்கும், உங்ககிட்ட இல்லாமலா. முதல் நாடாவை அளங்க... முப்பத்தெட்டு இஞ்ச். ரெண்டாவது?... நாப்பதரை. மூணாவது?... நாப்பத்தி மூணு... போதும்... கடைசியில இருக்கிறது?... அறுபத்து நாலரை. அதுக்கு முன்னாடி உள்ளது?... அதுவும் அறுபத்து நாலரை... அதுக்கும் முன்னாடி?... அதுவுமா?”

அப்போதெல்லாம் குளிர்காலத்துக்கு முன்னால் சபையில் வளரும் சிறுமிகளுக்கு உடை தைப்பார்கள். அளவெடுப்பது தையலறை சிஸ்டர்களின் வேலை. ஆனால் அல்மீராவை அளக்க மட்டும் எப்போதும் கெசியா வருவாள், கடை வேலையை விட்டுவிட்டு. சுவரோரம் நிற்க வைப்பாள். ஒரு உள்ளங்கை உச்சந்தலையில் வந்து படியும். தேவைக்கு மேல் சற்று நேரம் அங்கேயே இருக்கும். பேச்சு இரண்டே சொல்தான்: “நேரா நில்லு.”

“...வளர்றது நின்னு போச்சு, ஹோமர். பதினஞ்சு வயசுலயே நின்னு போச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் அளந்திருக்காங்க. அளக்க ஒண்ணுமே இல்லாம... புரியலையா?... அது என் உயரம்... ஆமா, என்னோடது. நவம்பர் ஒன்பது நான் பிறந்த நாள். இங்க யாரும் பிறந்த நாள் கொண்டாடறதில்ல. இந்தச் செவ்வாக்கிழமை எனக்கு அறுபது முடிஞ்சுது. நானே மறந்துட்டேன்.”

“...இல்ல, பதினெட்டு வயசுல நான் சபையில நிரந்தரமாச் சேர்ந்து கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம் என் துணியை நானே தைச்சுக்கிட்டேன். அளக்க யாரும் வர வேண்டியதில்ல... எல்லாப் பிள்ளைகளுக்கும் அளவெடுப்பாங்களா? எடுப்பாங்க. ஆனா நாடாவை வெச்சுக்க மாட்டாங்க. ஒரே நாடாவாலதான் எல்லாரையும் அளப்பாங்க... ஏன்னா... ஏன்னா அவங்களுக்கு... விடுங்க. நாளைக்குக் காலையில கொண்டு வர்றீங்களா? வண்டி மலை ஏறும், இன்னும் பனி விழலை.”

“...ரசீதா?... ஆமா, நான்தான் கையெழுத்துப் போட்டேன். ‘பெட்டியும் அதில் உள்ள அனைத்தும்’. உங்க கையெழுத்துத்தான் கோழி கிளறின மாதிரி இருந்துச்சு... அந்த லேடியும் அப்படியே வாங்கியிருக்காங்களா... நாடா இருக்குன்னு தெரிஞ்சா விடவே மாட்டாங்களா... இல்ல, உங்க மேல தப்பில்ல. வித்தது நான். சபை வித்துடுச்சுன்னா வித்ததுதான். சபை திரும்பக் கேக்க முடியாது. புரியுது... சொந்தக்காரங்களா?... ரத்த சம்பந்தம் உள்ளவங்க கேட்டா, அந்த லேடிகிட்ட நீங்க சொல்லலாமா? அப்படி யாராவது கேட்டா தருவீங்களா?”

ஊசிச் சத்தம் நின்றிருந்தது. அது எப்போது நின்றதென்று அல்மீரா கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். பெர்சிஸ் கதவருகே வந்து நின்றிருந்தாள், வெள்ளைத் துணி கையில் தொங்க.

நேற்று மருத்துவர் வந்து படிவத்தை நீட்டியபோதும் பெர்சிஸ் அப்படித்தான் நின்றாள். ‘நெருங்கிய உறவினர்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். அவள் வேறு மலையிலுள்ள ஷேக்கர் சபையிலிருந்து வந்தவள், முப்பது வருடத்துக்கு முன். பழையது எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரே கல்லுக்குக் கீழே இருந்தார்கள். அல்மீரா பக்கத்தில் நின்று அந்தச் சொல்லின் மசி காய்வதைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

“...இருக்கேன், ஹோமர்... யோசிக்கிறேன்... ஆமா, அவங்களுக்குச் சொந்தம் உண்டு. ஒரே ஒருத்தர்... இந்த ஊருலதான்... பேரா?”

“...பெர்சிஸ், நீங்க போக வேண்டாம். நில்லுங்க. ஒரு பொய் சொல்லியிருக்கேன், உங்ககிட்ட ஒத்துக்கணும். ரெண்டு பொய்... உங்ககிட்ட இல்ல, ஹோமர், இங்க பேசினேன்.”

“...நாலு வயசுல, ஒரு கையைப் பிடிச்சுக்கிட்டு இந்த மலை ஏறி வந்தேன், ஹோமர். வாசல்ல அந்தக் கை என்னை விட்டுடுச்சு. விடச் சொன்னாங்க. இங்க எல்லாரும் எல்லாருக்கும் சிஸ்டர், வேற முறை எதுவும் கிடையாது, வேற பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க. ரெண்டு பேரும் சரின்னோம். அம்பத்தியாறு வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டோம். எதிர் எதிரா. ரொட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க சிஸ்டர்னு கேட்டுக்கிட்டே இருந்தோம்.”

“...என்ன?... கேக்கலையா?... லைன் இரையுதா?... அந்தப் பேரைத்தானே எழுதணும், எழுதுங்க. அல்மீரா... ஆமா, நான்தான்... என்ன உறவா?... கேக்கலையா இன்னும்?... சத்தமாச் சொல்றேன்... விண்ணி, கொஞ்சம் போனை... இல்ல. வைக்காதீங்க, விண்ணி. நீங்களும் கேளுங்க. ஹோமர், எழுதறீங்களா?... அவங்க என் அம்மா.”